கொங்கு நாட்டில் ஒரு சரடைப் பிடித்துப் பயணம் போவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கோயம்புத்தூருக்கோ ஈரோட்டுக்கோ உறவுக்காரர்கள் நான்கு நாள் லீவில் வந்தால் நாம் கொடுக்கிற பட்டியல் எப்போதும் ஒன்றுதான்: மருதமலை, பழனி, ஆழியாறு, கொடிவேரி, முடிந்தால் ஊட்டி. எல்லாமே போக வேண்டிய இடங்கள்தான். ஆனால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் ஓடி ஓடிப் பார்த்துவிட்டு ஊர் திரும்பினால், இந்த நாடு ஏன் இப்படி அமைந்தது என்பது பிடிபடாமலே போய்விடும். நொய்யல் கரையில் ஏன் கல்மணி அறுத்தார்கள்? பவானியில் ஏன் ஜமக்காளம்? விசயமங்கலத்தில் சமணப் பள்ளி எப்படி வந்தது? ஒரு கருப்பொருளை மட்டும் சரடாகக் கையில் பிடித்துக்கொண்டு, அது எந்தெந்த ஊர் வழியாகப் போகிறதோ அந்த ஊர்களுக்கு மட்டும் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு ஊரும் அடுத்த ஊரைப் பற்றி ஏதாவது சொல்லும்.

இப்படிப் போவதற்குக் கொங்கு போலத் தோதான பகுதி தமிழ்நாட்டில் குறைவு என்பேன். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர், சேலத்தில் ஒரு பங்கு, பழனி, ஒட்டன்சத்திரம் பக்கம் என்று அடுத்தடுத்து ஒட்டியபடி இருக்கும் நிலம் இது. பழைய கணக்கில் பூந்துறை நாடு, காங்கேய நாடு, பொன்கலூர் நாடு, ஆறை நாடு என்று 24 நாடுகள். ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் பெரும்பாலும் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். சாலை நன்றாக இருக்கும், பஸ் இருக்கும். தேவை திட்டம்தான். அதைப் போடுகிற முறையை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: ஊரைத் தேடாதீர்கள், கேள்வியைத் தேடுங்கள்

"பாரம்பரியச் சின்னங்கள் பார்க்க வேண்டும்" என்று தொடங்கினால் பட்டியல் நூறு இடத்தைத் தாண்டிவிடும். அதற்குப் பதிலாக ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். ரோமாபுரிக் காசு இந்த உள்நாட்டு மண்ணுக்கு எப்படி வந்தது? சுந்தரர் கொங்கு வந்தபோது எங்கெல்லாம் பாடினார்? மழை குறைந்த இந்த மேட்டு நிலத்தில் நெல் எப்படி விளைந்தது? தீரன் சின்னமலை பிறந்த இடமும் தூக்கிலிடப்பட்ட இடமும் எவ்வளவு தூரம்? கேள்வி இருந்தால், எந்த ஊர் வேண்டும், எது வேண்டாம் என்பதை அதுவே சொல்லிவிடும்.

கொங்கில் இரண்டு மூன்று நாளில் முடிகிற சரடுகள் பல. நொய்யல் வழியாகப் போன பழைய வணிகப் பாதை, தேவாரம் பெற்ற ஏழு தலங்கள், சமணச் சுவடுகள், தறி ஊர்கள், அணையும் வாய்க்காலும், காங்கேயம் மாடும் மாட்டுத்தாவணிகளும், தீரன் சின்னமலையின் நிலம் என்று எண்ணிக்கொண்டே போகலாம். அண்ணன்மார் சாமி (பொன்னர், சங்கர்) கதையைப் பிடித்தால் கொங்கு எல்லையைத் தாண்டி மணப்பாறை பக்கம் வீரப்பூர் வரை போக வேண்டியிருக்கும். அங்கே மாசித் திருவிழாவுக்குக் கொங்கிலிருந்து போகிற கூட்டத்தைப் பார்த்தாலே அந்தக் கதை யாருடையது என்று புரியும்.

ஒரு பயணத்துக்கு ஒரே ஒரு சரடு. போகிற வழியில் இருக்கிறதே என்று இன்னொன்றைச் சேர்க்கத் தொடங்கினால் பழையபடி பட்டியல்தான் மிஞ்சும்.

இரண்டாம் படி: எல்லாவற்றையும் எழுதி, பாதியை அடியுங்கள்

சரடுக்குப் பொருத்தமான எல்லா ஊரையும் ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்வி. அங்கே கண்ணால் பார்க்க என்ன இருக்கிறது? அந்த ஊரை எடுத்துவிட்டால் கதை அறுந்துபோகுமா?

வெள்ளலூரை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 19ஆம் நூற்றாண்டிலேயே ரோமக் காசுப் புதையல்கள் கிடைத்தன. வணிகப் பாதைக் கதையில் அதற்குப் பெரிய இடம் உண்டு. ஆனால் இன்று ஊருக்குப் போனால் அந்தக் காசையோ கிடைத்த குழியையோ பார்க்க முடியாது. வண்டியில் போகும்போது கைகாட்டிச் சொல்லிவிட்டுப் போகலாம், அதற்கென்று இறங்க வேண்டாம். நொய்யல் கரையில் கல்மணி செய்த பழைய ஊரான கொடுமணலிலும் தரைக்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனாலும் அதை அடிக்கக் கூடாது. அதை எடுத்துவிட்டால் கதையே இல்லை.

ஒரு நாளைக்கு நான்கு இடம் போதும். அதற்கு மேல் வைத்தால் ஐந்தாவது இடத்தில் குழந்தைகள் வண்டியை விட்டே இறங்க மாட்டார்கள், பெரியவர்களுக்கு முட்டி வலிக்கும்.

மூன்றாம் படி: வரைபடத்தில் முதலில் ஆறு

கைப்பேசி வரைபடத்தைத் திறந்தவுடன் ஊரைத் தட்டாதீர்கள். முதலில் நொய்யல், பவானி, அமராவதி, காவிரி நான்கையும் விரலால் தடவிப் பாருங்கள். மேற்கே பாலக்காட்டுக் கணவாய் எங்கே என்று பாருங்கள். அதற்குப் பிறகு உங்கள் ஊர்களைக் குறியுங்கள். கொங்கின் பழைய இடங்களில் பெரும்பாலானவை ஆற்றை ஒட்டியோ கணவாய் வழியிலோதான் விழும். ஈரோட்டிலிருந்து திருச்சி போகும் ரயில் பாதையும் காவிரியை ஒட்டித்தான் போகிறது. கொடுமுடி, புகளூர், கரூர் மூன்றும் அதில் அடுத்தடுத்து வரும் ஸ்டேஷன்கள். ஆற்றின் போக்கிலேயே பயணத்தை அமைத்தால் திரும்பித் திரும்பி ஓடுகிற வேலை இருக்காது, கதையும் மேலிருந்து கீழாக ஒழுங்காக நகரும்.

நான்காம் படி: கிழமையும் மாதமும்

தூரத்தைவிட முக்கியம் இது. கொங்கு நாட்டில் பார்க்க வேண்டியவற்றில் பாதி, குறிப்பிட்ட கிழமையிலும் குறிப்பிட்ட மாதத்திலும்தான் இருக்கும்.

ஈரோடு ஜவுளிச் சந்தை திங்கள்கிழமை பொழுதோட தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கும். மற்ற நாளில் போனால் கடை இருக்கும், சந்தை இருக்காது. பழையகோட்டை மாட்டுத்தாவணி ஞாயிறு. காங்கேயம் இனத்து மாடுகளுக்கென்றே நடப்பது அது. கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தை வியாழன். பொள்ளாச்சியில் செவ்வாயும் வியாழனும். அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, மாதத்தின் இரண்டாம் சனியும் விடுமுறை. இரண்டாம் சனி, ஞாயிறு என்று வார இறுதிப் பயணம் போடுகிறவர்கள் இதைக் கவனிக்காமல் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புவது அடிக்கடி நடக்கிறது.

கோயில்கள் பெரும்பாலும் காலையில் திறந்து மதியம் பன்னிரண்டு, ஒரு மணிவாக்கில் நடை சாத்திவிடும். மறுபடி திறக்க நான்கு மணி ஆகும். ஒவ்வொரு கோயிலுக்கும் சற்று மாறும். ஆகவே காலையும் மாலையும் கோயிலுக்கு, மதியம் தறிக்கும் அருங்காட்சியகத்துக்கும் சாப்பாட்டுக்கும் என்று ஒதுக்குங்கள். இந்த ஒரு ஒழுங்கிலேயே நாளில் பெரும்பகுதி சரியாகிவிடும்.

மாதம் என்று பார்த்தால், நடக்கிற பயணத்துக்கு கார்த்திகையிலிருந்து மாசி வரை நல்லது. சித்திரை, வைகாசியில் கரூர்ப் பாறையில் கால் வைக்க முடியாது. ஆனால் திருவிழாவுக்காகப் போகிறவர்கள் வெயிலைப் பொருட்படுத்தக் கூடாது. அவிநாசித் தேர் சித்திரையில், திருச்செங்கோட்டுத் தேர் வைகாசியில், கண்ணபுரம் மாட்டுச் சந்தை சித்திரையில். பேரூரில் நாற்று நடவு உற்சவம் ஆனியில். ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழா. அதை ஒட்டி நடக்கும் குதிரைச் சந்தையையும் மாட்டுச் சந்தையையும் ஒரு முறையாவது பார்க்க வேண்டும். பங்குனியில் பண்ணாரி குண்டம். பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடிக் காவிரியில் தீர்த்தம் எடுத்துக்கொண்டு பழனிக்கு நடந்து போகிற காவடிக் கூட்டம் சாலையெல்லாம் நிறைந்திருக்கும். அந்த நாட்களில் கார்ப் பயணம் மெதுவாகத்தான் போகும். அதற்கு ஏற்ப நேரம் வையுங்கள், அல்லது காவடியையே சரடாக வைத்துக்கொண்டு கூடவே நடங்கள்.

ஐந்தாம் படி: ஒரு திட்டத்தை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்

நான் அதிகம் பரிந்துரைப்பது நொய்யல் வணிகப் பாதை. இரண்டு நாள். மேற்கிலிருந்து கிழக்காக, மேலைக் கடற்கரைத் துறைமுகத்திலிருந்து கணவாய் வழியே வந்த வணிகர்கள் போன திசையிலேயே போக வேண்டும்.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் இரண்டு வேலை. பதிற்றுப்பத்தில் 74ஆம் பாட்டை எடுத்துப் படியுங்கள். "கொடுமணம் பட்ட வினைமாண் அருங்கலம்" என்று அதில் வரும். வேலைப்பாட்டில் சிறந்த அரிய அணிகலன் கொடுமணத்தில், அதாவது கொடுமணலில், கிடைக்கும் என்று பொருள். அரிசில் கிழார், சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறையைப் பாடியது. இரண்டாவது, கொடுமணல் அகழாய்வுப் படங்களைக் கைப்பேசியில் இறக்கிக்கொள்ளுங்கள். 1980களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தொடங்கியது முதல் பல கட்டமாகத் தோண்டியிருக்கிறார்கள். கல்மணிகள், பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள், இரும்பு உருக்கிய உலைகள் எல்லாம் அந்தப் படங்களில் இருக்கும். இந்த இரண்டும் இல்லாமல் கொடுமணலுக்குப் போனால் வெறும் காடுதான் தெரியும்.

முதல் நாள் காலை ஏழு மணிக்குப் பேரூர். நொய்யல் வெள்ளியங்கிரியிலிருந்து இறங்கிச் சமவெளிக்கு வந்ததும் வருகிற பெரிய கோயில் பட்டீசுவரர் கோயில். கனகசபைத் தூண்களில் இருக்கும் சிற்பங்களும் விதானத்தில் தொங்கும் கல் சங்கிலியும் நாயக்கர் காலத்தவை, வணிகப் பாதைக்கு வெகு காலம் பிந்தியவை. ஆனாலும் பயணத்தைத் தொடங்க இதைவிட நல்ல இடம் இல்லை. ஊர்ப் பெரியவர்கள் பிறவாப்புளியையும் இறவாப்பனையையும் காட்டாமல் விட மாட்டார்கள்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சுண்டக்காமுத்தூர். இதன் பக்கத்து மலைச்சரிவில் ராஜகேசரிப் பெருவழிக் கல்வெட்டு இருக்கிறது. சோழன் பெயரால் வழங்கிய பெருவழிக்கு அடையாளமாக, ஒரே செய்தியைத் தமிழ் எழுத்திலும் வட்டெழுத்திலும் வெட்டியிருக்கிறார்கள். கிழக்கிலிருந்து வருகிறவன் ஒன்றைப் படிப்பான், மேற்கிலிருந்து வருகிறவன் மற்றொன்றைப் படிப்பான். இரண்டு நாட்டுக்கும் நடுவே நிற்கிறோம் என்பது அந்தப் பாறைக்கு முன்னால்தான் உறைக்கும். காட்டை ஒட்டிய இடம் என்பதால் தனியாகப் போகாதீர்கள். வனத்துறையிடம் கேட்டு, இடம் தெரிந்த உள்ளூர்க்காரரோடு போங்கள். அது அமையவில்லை என்றால் விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குக் கிளம்பலாம்.

அடுத்து திருப்பூர் வழியாகக் காங்கேயம் சாலை. படியூர் இந்தச் சாலையில்தான் வரும். பெரில் என்கிற கடல்நிறக் கல் பழங்காலத்திலேயே வெட்டியெடுக்கப்பட்ட ஊர். அதே சாலையில் இன்னும் போனால் சிவன்மலை. நீலக்கல் கிடைத்த பகுதி என்று ஆய்வாளர்கள் சொல்வது இந்த மலைப் பக்கத்தைத்தான். சென்னிமலைப் பக்கம் இரும்புக் கனிமம். ஆக, கல்லும் இரும்பும் கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்க, நடுவில் கொடுமணல். அங்கே பட்டறை ஏன் வந்தது என்பதற்கு இந்த ஒரு மணி நேரப் பயணமே விடை.

சிவன்மலையில் ஏறினால் ஆண்டவன் உத்தரவுப் பெட்டியைப் பாருங்கள். ஒரு பக்தரின் கனவில் முருகன் வந்து ஒரு பொருளைச் சொல்வார். அவர் வந்து சொன்னதும் பூக் கேட்டு, உத்தரவு கிடைத்தால் அந்தப் பொருளை மண்டபத்திலுள்ள கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். அடுத்த பக்தருக்கு உத்தரவு வரும்வரை அதுவே இருக்கும். வைத்த பொருளை ஒட்டி நாட்டில் ஏதாவது நடக்கும் என்பது நம்பிக்கை. உப்பு, நெல், துப்பாக்கி என்று எதுவும் வரலாம். நீங்கள் போகிற அன்று என்ன இருக்கிறதோ, அதைப் பற்றி டீக்கடையில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்.

கொடுமணலுக்கு மாலை நான்கு மணிக்குப் போய்ச் சேருகிற மாதிரி வையுங்கள். நொய்யலின் வடகரை. நெருங்கும்போதே வேலிக்கருவேலமும் பனையும் கலந்த மேட்டுக்காடு தொடங்கும். தோண்டிய குழிகளை மூடிவிட்டார்கள். ஆனால் ஈமக்காட்டுப் பக்கம் நடந்தால் வட்டமாக அடுக்கிய கற்களும், நட்டுவைத்த நெடுங்கற்களும் தெரியும். மண்ணில் கருப்பு சிவப்புப் பானை ஓடு காலில் தட்டுப்படும். இப்போது படங்களை எடுத்துப் பாருங்கள். சூதுபவளம் இந்த மண்ணில் கிடையாது, வடக்கே குஜராத் பக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும். அதை இங்கே கொண்டுவந்து, பிளந்து, தீட்டி, துளை போட்டு, மெருகேற்றி அனுப்பியிருக்கிறார்கள். முடிந்த மணி மட்டுமல்ல, பாதியில் நின்ற மணியும் உடைந்த சில்லும் கிடைத்திருப்பதுதான் இது வாங்கி விற்ற ஊர் அல்ல, செய்த ஊர் என்பதற்குச் சான்று.

ஒன்றைக்கூட எடுத்து வராதீர்கள். குழந்தை கையில் ஒரு ஓடு இருந்தால் அதே இடத்தில் போடச் சொல்லுங்கள். மேலே கிடக்கிற ஓடும் எங்கே கிடக்கிறது என்பதை வைத்துத்தான் படிக்கப்படுகிறது. ஆற்றுக்குள் இறங்கவும் வேண்டாம். திருப்பூர்ச் சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே இருக்கிற வயல்களை என்ன செய்தது என்பதைக் கரையில் நிற்கும் விவசாயி ஒருவரிடம் கேளுங்கள். ஈராயிரம் வருசத்துக்கு முன்னால் உலகத்துக்குச் சரக்கு அனுப்பிய ஆறு, நம் காலத்திலும் உலகத்துக்குச் சரக்கு அனுப்பித்தான் இந்த நிலைக்கு வந்தது. இதைச் சொல்லாமல் நொய்யல் பயணம் முழுமையாகாது.

இரவு சென்னிமலையிலோ ஈரோட்டிலோ தங்கலாம். ஈரோட்டில் எல்லா விலையிலும் அறை கிடைக்கும்.

இரண்டாம் நாள் காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் கொடுமுடி. தெற்கே வந்த காவிரி கிழக்கே திரும்புகிற இடம். மகுடேசுவரரைப் பார்த்துவிட்டு நேராகப் புகளூர் வேலாயுதம்பாளையத்துக்கு வந்துவிடுங்கள். இங்கே ஆறுநாட்டார் மலையில் முருகன் கோயில். அதன் பாறைக் குகைகளில் சமண முனிவர்களுக்கு வெட்டிய கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமி எழுத்துகளும் இருக்கின்றன.

அவசரமில்லாமல் உட்கார்ந்து படிக்க வேண்டிய கல்வெட்டு இது. "மூதா அமணன் யாற்றூர் செங்காயபன் உறைய்" என்று தொடங்கி, "கோ ஆதன் செல்லிரும்பொறை மகன் பெருங்கடுங்கோன் மகன் இளங்கடுங்கோ இளங்கோ ஆக அறுத்த கல்" என்று முடிகிறது. யாற்றூரைச் சேர்ந்த செங்காயபன் என்ற முதிய சமணர் தங்குவதற்காக, இளங்கடுங்கோ இளவரசன் ஆனபோது வெட்டிக்கொடுத்த படுக்கை. பாட்டன், மகன், பேரன் மூன்று பேரும் ஒரே வரியில். பதிற்றுப்பத்தில் வரும் இரும்பொறை மரபுச் சேரர்கள் இவர்கள்தான் என்று பெரும்பாலான அறிஞர்கள் கொள்கிறார்கள். கிளம்பும் முன் படித்த பாட்டின் அரச குடும்பம் இன்று கல்லில் பெயரோடு இருக்கிறது. பக்கத்திலேயே கருவூர்ப் பொன் வாணிகன் நத்தி என்பவர் செய்துகொடுத்த படுக்கையும் உண்டு. அரசனுக்குப் பக்கத்தில் வணிகன். எழுத்து மெல்லியது. சாய்வெயில் இருக்கும் காலையிலோ மாலையிலோதான் கண்ணுக்குத் தட்டுப்படும், உச்சிப்பொழுதில் வெறும் பாறைதான். சுண்ணாம்பு தடவுவது, விரலால் தேய்ப்பது எதுவும் கூடாது. பக்கவாட்டில் டார்ச் அடித்தால் போதும்.

மதியம் கரூர். அரசு அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம் வையுங்கள். அமராவதி ஆற்று மணலில் ரோமக் காசுகளும், மாக்கோதை, கொல்லிப்புறை என்று பெயர் பொறித்த சேரர் காசுகளும் கிடைத்த ஊர் இது. சேரர் தலைநகரான பண்டைய வஞ்சி இதுவா, மேலைக் கடற்கரையா என்ற வழக்கு அறிஞர்களுக்குள் இன்னும் ஓயவில்லை. மாலை நான்கரைக்குப் பசுபதீசுவரர் கோயில். அதோடு பாதை முடிகிறது.

ஆறாம் படி: மற்றச் சரடுகளுக்குச் சுருக்கமாக

தேவாரத் தலங்கள் ஏழும் இரண்டு நாளில் முடியும். முதல் நாள் காலை அவிநாசி, பக்கத்திலேயே திருமுருகன்பூண்டி. முதலையுண்ட பாலனைச் சுந்தரர் மீட்ட ஊரும், அவரிடமே சிவன் வேடுவர்களை ஏவிப் பொருளைப் பறித்த ஊரும் சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கின்றன. நடை சாத்துகிற நேரத்தில் பூண்டியின் சிற்பக் கூடங்களில் கருங்கல்லில் உளி விழுவதைப் பாருங்கள். மாலை பவானி. மறுநாள் விடியலில் திருச்செங்கோடு, படியேற முடிந்தவர்கள் பாறையில் செதுக்கிய பெரிய நாகத்தைப் பார்த்துக்கொண்டே ஏறுங்கள். பத்து மணிக்குள் கொடுமுடி. இங்குதான் "மற்றுப் பற்றெனக்கின்றி" என்று சுந்தரர் நமச்சிவாயப் பதிகம் பாடினார். மாலை நான்கு மணிக்கு வெஞ்சமாக்கூடல், கடைசியில் கரூர். வெஞ்சமாக்கூடல் ஒதுங்கிய ஊர், பஸ் குறைவு. அதனால் அதை இருட்டுவதற்கு முன் முடித்துவிட வேண்டும். ஒவ்வொரு தலத்திலும் அந்தந்தப் பதிகத்தில் ஒரு பாட்டையாவது வாய்விட்டுப் பாடுங்கள், ஓதுவார் இருந்தால் கேளுங்கள்.

தறிச் சரடை விரிக்க வேண்டாம். சிறுமுகையும் நெகமமும் சேர்த்தால் வண்டியிலேயே நாள் போய்விடும். திங்கள் காலை பவானி, இரவு ஈரோட்டு ஜவுளிச் சந்தை, செவ்வாய் சென்னிமலை. இது போதும். பவானியில் கடைக்குப் போகும் முன் ஒரு தறிக்கூடத்துக்குப் போங்கள். ஜமக்காளம் குழித்தறியில் நெய்வது. நெசவாளர் குழிக்குள் காலை இறக்கி மிதியைப் பிடித்திருப்பார், அகலமான விரிப்பு என்றால் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நாடாவை மாற்றிக்கொள்வார்கள். கெட்டி நூலின் சிவப்பும் பச்சையும் பட்டை பட்டையாக ஏறிவரும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், கையில் எடுத்தால் கனக்கும். பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு. ஆனாலும் மலிவான விசைத்தறிச் சரக்கு அதே பெயரில் விற்கப்படுகிறது. தறியைப் பார்த்துவிட்டு வாங்கினால் வித்தியாசம் கைக்கே தெரியும். நெசவாளரிடமோ கூட்டுறவுச் சங்கத்திலோ வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். சென்னிமலை போர்வைக்குப் பேர் போன ஊர், கந்த சஷ்டி கவசம் அரங்கேறியதாகச் சொல்லப்படும் மலை, திருப்பூர் குமரன் 1904இல் பிறந்த ஊரும் அதுவே.

நீர்ச் சரடு ஒரே நாள். பவானிசாகர் அணை (1955), கொடிவேரி அணை (1125), காலிங்கராயன் அணை (1283), பிறகு பவானியும் காவிரியும் சேருகிற கூடுதுறை. மேலிருந்து கீழே வர வர காலம் மாறி மாறிப் போகும். காலிங்கராயன் வாய்க்கால் வளைந்து வளைந்து போவதற்கு, பாம்பு காட்டிய வழியில் வெட்டினார்கள் என்று கதை சொல்வார்கள். ஈரோட்டுக்குள் அதன் கரையில் ஒரு கிலோமீட்டர் நடந்தால், நிலத்தின் மட்டத்தைப் பிடித்து எப்படிக் கொண்டுபோனார்கள் என்பது தெரியும். தை 5 காலிங்கராயன் நாள். கொடிவேரிக்கு ஞாயிறும் பண்டிகையும் வேண்டாம்.

சமணச் சரடுக்குப் பெருந்துறையை மையமாக வையுங்கள். பெருங்கதை செய்த கொங்கு வேளிரின் விசயமங்கலத்தில் சந்திரப்பிரபர் கோயில், நன்னூல் செய்த பவணந்தி முனிவரின் ஊராகச் சொல்லப்படும் சீனாபுரம், அப்புறம் அறச்சலூர் நாகமலை. அறச்சலூர்க் குகையில் த, தை, தா என்று தாள எழுத்துகளை எப்பக்கம் படித்தாலும் ஒன்றாக வரும்படி அடுக்கி வெட்டியிருக்கிறார்கள். மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன் என்று செய்தவர் பெயரும் இருக்கிறது. பாதை சரியில்லை. ஊரில் ஒருவரைக் கூட்டிக்கொள்ளாமல் ஏற வேண்டாம். பழனிப் பக்கத்து ஐவர்மலையைத் தனி நாளாக வைப்பது நல்லது.

ஏழாம் படி: ஊருக்குள் போனால்

கையில் வரைபடம் இருந்தாலும் ஊரில் கேளுங்கள். "நடுகல் எங்கே" என்றால் பல ஊரில் விழிப்பார்கள். "ஏனுங்கண்ணா, புலிகுத்திக் கல்லு எங்கிட்டு இருக்குதுங்க?" என்று கேட்டால், "வாங்க, நம்ம தோட்டத்துக்கு அக்கட்டாலதான் இருக்குது" என்று கூடவே வருவார்கள். கல்வட்டத்தைப் பாண்டியன் குழி என்பார்கள். கூட வருகிறவருக்குக் காசு நீட்டுவதைவிட, டீக்கடையில் சேர்ந்து உட்கார்ந்து பேசிவிட்டு வருவதுதான் மரியாதை. பாதி நாளை வேலை கெட்டு வந்திருந்தால் கூலியைக் கணக்கிட்டுக் கொடுத்துவிடுங்கள்.

குலதெய்வக் கோயில்கள் அந்தந்தப் பங்காளிகளுக்கு உரியவை. வெளியிலிருந்து கும்பிடலாம், படம் எடுக்கும் முன் கேட்க வேண்டும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்கள் சில பூட்டியிருக்கும். காவலர் பக்கத்து வீட்டில்தான் இருப்பார், முன்கூட்டிச் சொல்லிவைத்தால் நல்லது.

வண்டி இல்லாதவர்கள் ஈரோட்டில் தங்கிக்கொண்டு டவுன் பஸ்ஸிலேயே பாதிக் கொங்கைப் பார்த்துவிடலாம். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே நடத்துனரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டையும் சரடில் சேர்த்துக்கொள்ளுங்கள். மதியம் அரிசிம்பருப்புச் சோறு கிடைக்கிற மெஸ், காலையில் சந்தகை போடுகிற வீட்டுக்கடை, ஊத்துக்குளியில் வெண்ணெய், பள்ளிபாளையத்தில் சிக்கன், கரூரில் கரம். கொள்ளுப் பருப்பு, கம்மங்கூழ், களி எல்லாம் இந்த மேட்டு நிலத்தில் விளைந்ததை வைத்து வந்தவை.

தீரன் சின்னமலைப் பாதையை ஆடிக்கு வைத்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. "சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் ஒரு சின்னமலை" என்று வரிப்பணத்தை வழிமறித்துப் பிடுங்கிய தீரன் சின்னமலை சொன்னதாக வழங்கும் வார்த்தை, அந்த இரண்டு மலையும் ஒன்றாகத் தெரிகிற காங்கேயம் சாலையில் கேட்டால்தான் சரியாகப் புரியும். 1756இல் அவர் பிறந்த மேலப்பாளையம், கோட்டை கட்டிய ஓடாநிலை, 1805இல் தூக்கிலிடப்பட்ட சங்ககிரி என்று வரிசை. ஆடி 18 அன்று நினைவிடங்களில் கூட்டம் அதிகம், கூடுதுறையிலும் அதே நாள் நெரிசல். அமைதியாகப் பார்க்க விரும்புகிறவர்கள் அதற்கு முந்தைய வாரமே போய்விடுங்கள். சங்ககிரிக் கோட்டைக்கு வாசல் வாசலாக நீண்ட ஏற்றம். மேலே கடை இல்லை, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொண்டு காலை ஏழு மணிக்கு முன் ஏறத் தொடங்குங்கள், ஆடிக்காற்று பலமாக அடிக்கும்போது மதில் ஓரத்தில் நிற்க வேண்டாம்.